நீங்கள் எழுத நினைத்த பெயர்

நிரலில் ஒரு பெயரைத் தப்பாக எழுதிவிட்டால் கம்பைலர் நின்றுவிடும். பாடநூல்கள் நிரல்பெயர்ப்பி என்று அழைக்கும் இந்த மென்பொருளின் வேலை, மனிதர் எழுதிய நிரலை இயந்திரம் ஓட்டக்கூடிய கட்டளைகளாக மாற்றுவது. அறிமுகமில்லாத பெயர் குறுக்கிட்டால் அதற்கு மேலே போக வழியில்லை. பல பத்தாண்டுகளாகப் பெரும்பாலான கம்பைலர்கள் அந்த இடத்தில் சொல்லிவந்தது ஒரே வாக்கியம்: இந்தப் பெயர் அறிவிக்கப்படவில்லை. அண்மைக் காலத்தில் அதோடு இன்னொரு வாக்கியம் சேர்ந்திருக்கிறது: நீங்கள் எழுத நினைத்தது இந்தப் பெயரா? கிளாங் கம்பைலர் 2010 வாக்கிலேயே இப்படிக் கேட்டது. ரூபி மொழி 2015 டிசம்பரில் வந்த 2.3 பதிப்பிலும், ஜிசிசி கம்பைலர் 2016இல் வந்த 6ஆம் பதிப்பிலும், பைத்தான் 2021 அக்டோபரில் வந்த 3.10 பதிப்பிலும் இந்தக் கேள்வியைச் சேர்த்துக்கொண்டன. கம்பைலர் துறையின் பெரிய சாதனைகளைப் பட்டியல் போடும் யாரும் இதைக் குறிப்பிடுவதில்லை. ஆனால் நிரலருக்குக் கம்பைலர் செய்யும் உதவிகளில் செலவு குறைந்ததும் பலன் நேரடியானதும் இதுதான் என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். அந்தப் பலனுக்கு ஒரு நிபந்தனையும் உண்டு. கம்பைலர் கேட்பதோடு நிற்க வேண்டும். தானே திருத்தத் தொடங்கினால் உதவி ஆபத்தாகிவிடும். இரண்டுக்கும் சான்று கணினி வரலாற்றிலேயே இருக்கிறது.

ஒரு நிரலை அருகில் வைத்துப் பார்ப்போம். பைத்தான் மொழி 2008இல் வந்த 3.0 பதிப்பிலிருந்து மாறிகளுக்குத் தமிழிலும் பெயர் வைக்க விடுகிறது. (பைத்தானில் இந்த வேலையைச் செய்வது இன்டர்ப்ரெட்டர், நம் வாதத்துக்கு அதையும் கம்பைலர் கணக்கிலேயே வைக்கலாம்.) சம்பளக் கணக்குப் போடும் நிரலில், 12ஆம் வரியில் மாத_வருமானம் என்றொரு மாறி. 140ஆம் வரியில் அதையே மாத_வருமாணம் என்று எழுதியாயிற்று. றன்னகரம் வர வேண்டிய இடத்தில் டண்ணகரம். ஓட்டினால், 140ஆம் வரியில் உள்ள பெயர் அறிவிக்கப்படவில்லை என்று செய்தி வருகிறது. எழுதியவர் அந்த வரிக்குப் போகிறார்; பெயர் இருக்கிறது. 12ஆம் வரிக்கு வருகிறார், அங்கேயும் இருக்கிறது. அவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். வாசிக்கப் பழகியவர் எழுத்துக்கூட்டி வாசிப்பதில்லை. சொல்லின் உருவத்தையும் அந்த இடத்தில் என்ன வரும் என்ற எதிர்பார்ப்பையும் கொண்டு ஒரே வீச்சில் பிடித்துக்கொள்கிறார். தான் எழுதியதைத் தானே வாசிக்கும்போது இந்த மயக்கம் இன்னும் கூடும். எதை எழுத நினைத்தாரோ அதையே வாசிப்பார். நூலாசிரியரை மட்டும் நம்பி மெய்ப்புத் திருத்தத்தை விட்டுவிடாததற்குக் காரணம் இதுவே.

பழைய செய்தியில் பொய் எதுவும் இல்லை. அந்தப் பெயர் உண்மையிலேயே அறிவிக்கப்படவில்லை. ஆனால் அந்த உண்மைக்குப் பின்னால் பல காரணங்கள் நிற்கலாம். மாறியை உருவாக்கவே மறந்திருக்கலாம், உருவாக்கிய இடம் வேறொரு ஃபங்ஷனுக்குள் இருந்து இங்கே எட்டாமல் போயிருக்கலாம், தேவையான நூலகத்தை நிரலில் சேர்க்காமல் விட்டிருக்கலாம், எழுத்துப்பிழையாகவும் இருக்கலாம். முதல் மூன்றும் நிரலின் அமைப்பைப் பற்றியவை, யோசித்தால் கிடைக்கும். நான்காவது யோசனையில் சிக்காது, உற்றுப் பார்த்தால் மட்டுமே சிக்கும். பிழைச்செய்தியோ யோசிக்கத்தான் தூண்டுகிறது. புதிதாகக் கற்பவர் இதில் எளிதாக வழி தவறுகிறார். மாறியை அறிவிக்கும் முறையே தனக்குப் புரியவில்லையோ என்று நினைத்து, சரியாக இருக்கும் 12ஆம் வரியைக் கலைக்கத் தொடங்குவார். ‘நீங்கள் எழுத நினைத்தது மாத_வருமானம் என்பதா?’ என்று ஒரு வரி கூடவே வந்துவிட்டால் தேடலின் திசையே மாறிவிடும். இரண்டு பெயர்கள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும்போது ணகர னகர வேறுபாடு தானாகக் கண்ணில் படும்.

கம்பைலரால் இப்படிக் கேட்க முடிவதற்கு முதல் காரணம், அதன் கையில் ஒரு முழுமையான பெயர்ப் பட்டியல் இருப்பது. நிரலை வாசித்துக்கொண்டே வரும்போது எந்தெந்தப் பெயர் எங்கே பிறந்தது, அது எண்ணா எழுத்துச்சரமா, எந்த எல்லைக்குள் செல்லும் என்றெல்லாம் குறித்துக்கொள்வது அதன் அன்றாட வேலை. கட்டுரை எழுதும் மென்பொருளில் எழுத்துப்பிழை பார்ப்பது ஊர் முழுவதற்குமான வாக்காளர் பட்டியலில் ஒருவரைத் தேடுவது போன்றது. கம்பைலர் தேடுவதோ ஒரு வகுப்பின் வருகைப் பதிவேட்டில். இயற்கை மொழியின் சொற்களுக்கு முடிவில்லை. அகராதியில் இல்லாத சொல் ஊர்ப்பெயராகவோ புதிதாக ஆக்கிய சொல்லாகவோ இருக்கலாம். நிரலில் அதற்கு இடமே இல்லை; பட்டியலில் இல்லாத பெயர் எதுவானாலும் அங்கே அது தவறுதான். சந்தேகத்துக்கு இடமில்லாமல் பிழை என்று தெரிந்த பிறகே கம்பைலர் ஊகத்தில் இறங்குகிறது. ஒரு கட்டமைப்பின் உறுப்பைத் தேடும்போது பட்டியல் இன்னும் சுருங்கும். அந்தக் கட்டமைப்புக்கு ஐந்து உறுப்புகள் இருந்தால் தேட வேண்டியவை அந்த ஐந்து மட்டும்.

இதனால் கம்பைலரின் பரிந்துரை அகராதியின் பரிந்துரையைவிட ஒரு வகையில் நேர்மையானது. எது சரியான ஆங்கிலம் என்பது அதற்கு ஒரு பொருட்டல்ல. இந்த நிரலில் என்ன பெயர் இருக்கிறது என்பதே பொருட்டு. யூனிக்ஸ் இயங்குதளத்தில் கோப்பை உருவாக்கும் ஃபங்ஷனின் பெயர், ‘கிரியேட்’ என்ற ஆங்கிலச் சொல்லின் கடைசி ‘ஈ’ எழுத்து இல்லாமல் நிற்கிறது. மறுபடி யூனிக்ஸை உருவாக்கினால் என்ன மாற்றுவீர்கள் என்று கேட்டபோது, அந்த ‘ஈ’ எழுத்தைச் சேர்ப்பேன் என்றார் அதை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்சன். இணையப் பக்கங்களைக் கொண்டுவரும் எச்டிடிபி நெறிமுறையில், எந்தப் பக்கத்திலிருந்து வந்தோம் என்று சொல்லும் ‘ரெஃபரர்’ தலைப்பு ஓர் ‘ஆர்’ எழுத்துக் குறைந்தே 1996இல் ஆவணமாகி, அப்படியே நிலைத்துவிட்டது. ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்தான் இந்த இடங்களில் தவறு செய்வார். ஜிசிசி 6ஆம் பதிப்பின் அறிவிப்பு இந்தப் புதிய வசதியை விளக்க எடுத்துக்கொண்ட சொல் ‘கலர்’. பிரிட்டிஷ் முறைப்படி ‘யு’ சேர்த்து ஆறெழுத்தில் எழுதினால், அமெரிக்க முறைப்படி ஐந்தெழுத்தில் உள்ள உறுப்பைக் காட்டி இதுவா என்று கேட்கிறது. பள்ளியில் பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டலைக் கற்று, அமெரிக்க எழுத்துக்கூட்டலில் அமைந்த நூலகங்களைக் கொண்டு வேலை செய்யும் இந்திய, இலங்கை நிரலர்களுக்கு ‘கலர்’, ‘சென்டர்’, ‘கிரே’, ‘இனிஷியலைஸ்’ எல்லாமே இதே வகையான பொறிகள். அவர்கள் அறியாமையால் தவறுவதில்லை. கற்றதைச் சரியாக எழுதுவதால் தவறுகிறார்கள். கம்பைலர் அங்கே பாடம் நடத்தாமல், இந்த நூலகத்தில் பெயர் இப்படி இருக்கிறது என்று மட்டும் காட்டுகிறது.

இரண்டாவது காரணம், ஒரு பெயர் இன்னொன்றுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதை அளக்க முடிவது. 1964இல் ஆய்வாளர் ஃபிரெட் டேமராவ், தாம் ஆராய்ந்த எழுத்துப்பிழைகளில் 80 விழுக்காட்டுக்கும் மேல் நான்கே வகையில் அடங்குவதைக் காட்டினார்: ஓர் எழுத்து மாறியிருக்கும், ஓர் எழுத்து விடுபட்டிருக்கும், ஓர் எழுத்து கூடியிருக்கும், அல்லது அடுத்தடுத்த இரண்டு எழுத்துகள் இடம் மாறியிருக்கும். அடுத்த ஆண்டு சோவியத் கணிதவியலாளர் விளாதிமிர் லெவன்ஷ்டைன், தகவல் தொடர்பில் சிதையும் குறிகளை மீட்பது பற்றிய ஆய்வில், ஒரு தொடரை இன்னொன்றாக மாற்றக் குறைந்தது எத்தனை திருத்தங்கள் தேவை என்பதையே தொலைவாகக் கொள்ளும் அளவையை முன்வைத்தார். திருத்தத் தொலைவு என்று இன்று நாம் சொல்வது அதைத்தான். மாத_வருமாணம், மாத_வருமானம் இரண்டுக்கும் இடையே தொலைவு 1. இதைக் கணக்கிட இரண்டு பெயர்களையும் ஒரு கட்டத்தின் மேலும் பக்கவாட்டிலும் எழுதி, கட்டம் கட்டமாக நிரப்பினால் போதும். சில வரிகளில் எழுதக்கூடிய கணக்கு.

அளப்பதைவிடக் கடினம், எந்தத் தொலைவில் வாயை மூடிக்கொள்வது என்று முடிவெடுப்பது. எல்லை இல்லாவிட்டால் எந்தப் பெயருக்கும் ஏதோ ஒன்று ‘மிக அருகில்’ இருந்தே தீரும். ரஸ்ட் கம்பைலர், பெயரின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மாற்றம் தேவைப்பட்டால் பொதுவாகப் பேசாமல் இருந்துவிடும். பைத்தானும் ஏறக்குறைய அதே விகிதத்தைப் பின்பற்றுகிறது. ஆங்கிலப் பெரிய எழுத்துக்கும் சிறிய எழுத்துக்கும் இடையிலான மாற்றத்தைப் பாதித் திருத்தமாக மட்டுமே எண்ணுகிறது. ஜிசிசி தொடக்கத்தில் பாதி நீளம் வரை தாராளம் காட்டி, பொருந்தாத பரிந்துரைகள் வந்ததால் பிறகு மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கிக்கொண்டது. இந்தச் சுருக்கம் ஒரு முக்கியமான தேர்வு. பரிந்துரை வராமல் போனால் பழைய நிலைதான், இழப்பு ஏதும் இல்லை. பொருந்தாத பரிந்துரை வந்தால் அது நேரத்தைத் தின்னும், அடுத்த முறை வரும் நல்ல பரிந்துரையின் மீதான நம்பிக்கையையும் கெடுக்கும்.

கம்பைலர் எழுத்துப்பிழையை ஊகிப்பது புதிய யோசனை என்று நினைத்துவிடக் கூடாது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1960களின் தொடக்கத்திலேயே மாணவர்களுக்காக உருவான கார்க் என்ற மொழியின் கம்பைலர் எழுத்துப்பிழைகளைத் தானே திருத்திவிட்டு மேலே போனது. அதே பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் கான்வேயும் தாமஸ் வில்காக்ஸும் உருவாக்கி 1973இல் விவரித்த பிஎல்/சி கம்பைலர் இன்னும் துணிச்சலானது. எவ்வளவு பிழையோடு நிரல் வந்தாலும் ஏதோ ஒரு வடிவில் சரிசெய்து ஓட்டிப் பார்த்தது. இன்று இது அத்துமீறலாகத் தோன்றலாம். அன்றைய வேலைமுறையைப் பார்த்தால் நியாயம் புரியும். மாணவர் நிரலைத் துளையட்டைகளில் அடித்து, கட்டாகக் கட்டி, கணினி மையத்தின் சாளரத்தில் கொடுத்துவிட்டுப் போவார். மணிக்கணக்கில் காத்திருந்த பிறகே அச்சிட்ட தாள் கைக்கு வரும். ஓர் எழுத்து தவறியதற்காக நிரல் முதல் அட்டையிலேயே நின்றுவிட்டால் அந்தக் காத்திருப்பு முழுவதும் வீண். தவறாகவேனும் ஊகித்து மேலே ஓட்டினால், மற்ற பிழைகளாவது அதே தாளில் தெரியவரும். மறுமுறை ஓட்டுவதற்கான செலவு மிக அதிகமாக இருந்ததால் கம்பைலரின் துணிச்சல் நியாயமாக இருந்தது.

நிரலர் திரை முன் உட்கார்ந்து நேரடியாகக் கணினியோடு பேசத் தொடங்கியதும் கணக்கு மாறியது. லிஸ்ப் மொழிச் சூழலுக்காக வாரன் டீட்டல்மன் உருவாக்கிய ‘டூ வாட் ஐ மீன்’, சுருக்கமாக ட்விம், பயனர் தட்டிய பெயர் கிடைக்காதபோது அவர் மனத்தில் இருந்ததை ஊகித்துச் செயல்பட முயன்றது. நிரலர்களின் வழக்குகளைத் தொகுத்த ஜார்கன் ஃபைலில் இதைப் பற்றி ஒரு கதை பதிவாகியிருக்கிறது. ஒரு கோப்புத்திருத்தி, பழைய நகல்களை டாலர் குறியில் முடியும் பெயரோடு வைத்திருந்தது. ஒருவர் இடத்தை மீட்க, டாலரில் முடியும் கோப்புகளை எல்லாம் அழி என்று கட்டளையிட்டார். அப்படி ஒரு கோப்பும் அங்கே இல்லை. ட்விம் அந்த டாலரைத் தவறி விழுந்த எழுத்தாக எடுத்துக்கொண்டு, எல்லாவற்றையும் அழி என்பதே பொருள் என்று முடிவுகட்டி அழிக்க ஆரம்பித்தது. அவர் பாய்ந்து நிறுத்துவதற்குள் சில கோப்புகள் போயேவிட்டன. எழுத்தளவில் அந்த ஊகத்தில் குறை சொல்ல முடியாது. தொலைவு ஒன்றே ஒன்று. கட்டளையை எழுதியவரின் நோக்கத்தை எழுத்துத் தொலைவு அளப்பதில்லை என்பதே அங்கே வெளிப்பட்ட குறை.

நிரல்களில் இந்தக் குறை எப்படி வெளிப்படும் என்பதற்கு ஓர் எளிய உதாரணம் போதும். வரவு1, வரவு2 என்று இரண்டு மாறிகள் உள்ளன. மூன்றாவதை உருவாக்க மறந்துவிட்டு, கூட்டல் வரியில் வரவு3 என்று எழுதுகிறார் ஒருவர். வரவு3 என்பதிலிருந்து மற்ற இரண்டும் சரியாக ஒரே தொலைவில் நிற்கின்றன. கம்பைலர் தானே திருத்தினால் இரண்டில் ஒன்று இருமுறை கூட்டப்படும். நிரல் ஓடும், விடையும் வரும், விடை தவறாக இருக்கும், ஒரு செய்தியும் வராது. இதுவே கேள்வியாக வந்தால், ‘வரவு2 என்பதா?’ என்பதைப் பார்த்த மறுகணம் அவருக்குத் தன் உண்மையான பிழை பிடிபட்டுவிடும். பரிந்துரை தவறு, ஆனாலும் உதவியது. கேள்வி தவறாக இருந்தாலும் மனிதரின் தீர்ப்புக்கு உட்பட்டே நிற்கிறது. திருத்தம் அந்தத் தீர்ப்பைக் கேட்காமலே தாண்டிப் போய்விடுகிறது.

இந்த வேறுபாட்டை இன்றைய கருவிகள் நன்றாக உள்வாங்கியிருக்கின்றன. ரஸ்ட் கம்பைலர் தன் ஒவ்வொரு யோசனைக்கும் நம்பிக்கை அளவு ஒன்றைக் குறித்துவைக்கிறது. இயந்திரமே பொருத்திவிடலாம் என்று குறித்தவற்றை அதன் துணைக்கருவி தானாகத் திருத்தும். எழுத்துப்பிழைப் பரிந்துரைகளுக்குப் பொதுவாகத் தவறாகவும் இருக்கலாம் என்ற குறிதான், எனவே அவை மனிதரின் கைக்கே வரும். நிரலின் பதிப்புகளைப் பராமரிக்கும் கிட் மென்பொருளில் கட்டளையைத் தவறாகத் தட்டினால் இயல்பாக அது அருகிலுள்ள கட்டளையைக் காட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறது. தானே ஓட்ட வேண்டுமென்றால் பயனர் வெளிப்படையாக அமைப்பை மாற்ற வேண்டும், அப்போதும் எத்தனை பத்தில் ஒரு பங்கு விநாடி காத்திருப்பது என்று சொல்ல வழியுண்டு. கிளாங் எடுத்த வழிதான் எனக்கு மிகவும் பிடித்தது. பிழைச்செய்தியோடு உறுதியான திருத்தம் ஒன்றைக் காட்டினால், அந்தத் திருத்தம் செய்யப்பட்டதாகவே வைத்துக்கொண்டு மீதி நிரலை வாசிக்க வேண்டும் என்பது அதன் விதி. ஒரு வகையின் பெயர் ஓரிடத்தில் பிசகியதால் அதைத் தொட்ட வரிகளெல்லாம் பிழையாகத் தெரியும் அவலம் இதனால் குறைகிறது. ஆனால் இயங்கும் நிரலை மட்டும் அது தராது. பிழை பிழையாகவே நிற்கும். கார்னெலின் துணிச்சலில் பயனுள்ள பாதியை எடுத்துக்கொண்டு ஆபத்தான பாதியை விட்டிருக்கிறார்கள்.

இதனால் உண்மையில் பலன் உண்டா என்று கேட்பவருக்கு ஆய்வுகள் தரும் பதில் ஒரே குரலில் இல்லை. வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தினர் 2017இல் கண்ணசைவுக் கருவி கொண்டு நிரலர்களைக் கவனித்தபோது, பிழைச்செய்திகளை யாரும் வாசிப்பதில்லை என்ற பொது நம்பிக்கை உடைந்தது. வாசிக்கிறார்கள், மொத்த வேலையில் 13 முதல் 25 விழுக்காடு அதற்கே போகிறது, அதை வாசிப்பது நிரலையே வாசிப்பதற்கு நிகரான சிரமம் தருகிறது. ஆக்லாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல், விளக்கம் சேர்த்து விரிவாக்கிய பிழைச்செய்திகளால் மாணவர்களுக்குக் குறிப்பிடத்தக்க பயன் தெரியவில்லை என்று எழுதினார்கள். டப்ளினில் பிரட் பெக்கர் 2016இல் செய்த ஆய்வில் அத்தகைய செய்திகளால் பிழைகள் குறைந்தன. இந்த முரண்பாட்டை வைத்துப் பரிந்துரைகளையும் சந்தேகிப்பவர்கள் உண்டு. ஆனால் 2014, 2016 ஆய்வுகள் சோதித்தது விரித்து எழுதிய விளக்கங்களை. வாசிப்பதே சிரமம் என்னும்போது விளக்கத்தைக் கூட்டுவது சிரமத்தையும் கூட்டலாம். பரிந்துரை கூட்டுவது ஒரே ஒரு பெயரை, அதுவும் எழுதியவருக்கு ஏற்கெனவே பழக்கமான பெயரை. 2017இன் கண்டுபிடிப்பு அதன் பக்கமே பேசுகிறது.

எதிர்வாதங்களில் வலுவானது இன்னொன்று. கூகுள் நிறுவனத்தில் ஒன்பது மாதங்களில் நடந்த 2 கோடியே 66 லட்சம் பில்டுகளை, அதாவது நிரலைத் தொகுக்கும் முயற்சிகளை, ஆராய்ந்து 2014இல் வெளிவந்த கட்டுரையில், ஜாவா மொழியில் மிக அதிகமாக வந்த பிழை, பெயரைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்பதே. ஆனால் சார்பு நூலகங்களைச் சரியாக இணைக்காததே அங்கே பெரும் பங்கு. அப்படியானால் எழுத்துப்பிழை என்று ஊகிப்பது திசைதிருப்புவதாகாதா? ஆகும், பெயர் சிறியதாக இருந்தால் மிக எளிதாகவே ஆகும். விலை என்ற மாறியை இன்னொரு கோப்பிலிருந்து கொண்டுவர மறந்துவிட்டார் ஒருவர். இந்தக் கோப்பிலோ வேலை என்றொரு மாறி இருக்கிறது. கணினி எண்ணும் நான்கு யூனிகோட் குறிகளில் ஒன்றுதான் வேறு. வேலையா என்று கம்பைலர் கேட்கும், அதை யோசிக்காமல் ஏற்பவரின் நிரல் கெடும். இதற்குப் பதில் பரிந்துரையைக் கைவிடுவது அல்ல, பட்டியலை விரிவாக்குவது. ஜிசிசி 2018இல் வந்த 8ஆம் பதிப்பிலிருந்து, நன்கு அறியப்பட்ட பெயர்களுக்கு எந்தத் தலைப்புக் கோப்பைச் சேர்க்க மறந்தீர்கள் என்று சொல்கிறது. பைத்தான் 2023இல் வந்த 3.12இல், தன்னோடு வரும் நூலகம் ஒன்றின் பெயர் தெரிந்தால் அதை இறக்குமதி செய்ய மறந்தீர்களா என்று கேட்கிறது. எழுத்துப்பிழை என்ற ஒரே காரணத்தில் முட்டிக்கொள்ளாமல் மற்ற காரணங்களையும் எடைபோடும் திசையில் கருவிகள் நகர்கின்றன, நகர வேண்டும்.

மாணவர்கள் கவனக்குறைவாகிவிடுவார்கள் என்ற கவலையை நான் மதிக்கிறேன், ஏற்கவில்லை. நிரல் எழுதக் கற்பவர் கற்க வேண்டியவை ஏராளம். ணகரமா னகரமா என்று நாற்பது நிமிடம் தேடுவது அவற்றில் ஒன்றல்ல. தேடிக் கண்டுபிடித்த பிறகும் அடுத்த முறை அதே விரல் தவறத்தான் செய்யும், ஏனென்றால் பிழையின் ஊற்று அறியாமையில் இல்லை. நேரச் செலவு பற்றிய கவலைக்கு இன்னும் சுருக்கமான பதில் உண்டு: இந்தக் கணக்கு பிழை வந்தால் மட்டுமே நடக்கிறது. அதற்கும் வரம்பு வைத்திருக்கிறார்கள். கிளாங் ஒரு முறை ஓடும்போது இயல்பாக 50 தடவைக்கு மேல் தேடாது, பைத்தான் 3.10 ஓரிடத்தில் 750க்கு மேல் பெயர்கள் குவிந்திருந்தால் முயலாது.

பட்டியல் மூடியதாக இல்லாத இடங்களிலும், பட்டியலை எல்லோரும் பார்க்கக் கூடாத இடங்களிலும் நிலைமை வேறு. கிராஃப்கியூஎல் வழியில் தரவு தரும் சேவைகளில், தவறான புலப்பெயரைக் கேட்டால் அருகிலுள்ள சரியான பெயரைச் சொல்லிவிடும் வழக்கம் உண்டு. அந்த வசதியைக் கொண்டு, மறைத்துவைத்த புலப்பெயர்களை ஊகித்து ஊகித்து மீட்டெடுக்கும் கருவிகள் வந்துவிட்டன. பொதுவெளியில் இயங்கும் சேவைகளில் பரிந்துரையை அணைத்துவிடுங்கள் என்று பாதுகாப்பு வல்லுநர்கள் சொல்வது சரியே. யார் வேண்டுமானாலும் பெயர் பதிவுசெய்யும் பொதுக் களஞ்சியங்களில் ஆபத்து எதிர்த்திசையிலிருந்து வருகிறது. 2017இல் என்பிஎம் களஞ்சியத்தில், பிரபலமான ‘கிராஸ்-என்வ்’ தொகுப்பின் பெயரிலிருந்து இடைக்கோட்டை மட்டும் நீக்கிய பெயரில் ஒரு போலித் தொகுப்பு இருந்து, தவறாகத் தட்டியவர்களின் கணினியிலிருந்து ரகசிய விவரங்களைத் திருடியது. அங்கே அருகில் ஒரு பெயர் இருப்பது நல்ல அறிகுறி அல்ல. நிரலரும் கம்பைலரும் மட்டுமே பார்க்கும், நிரலரே உருவாக்கிய பட்டியல் என்ற எல்லைக்குள் இருக்கும்வரை இந்த இரண்டு ஆபத்தும் எழுவதில்லை.

நிரலைத் தட்டும்போதே எடிட்டர் சிவப்புக் கோடு போடுகிறது, செயற்கை நுண்ணறிவு முழு வரியையே எழுதித் தருகிறது, இனி கம்பைலரின் ஊகம் எதற்கு என்று கேட்கலாம். பல எடிட்டர்கள் காட்டும் அந்தச் செய்தி, பின்னால் ஓடும் கம்பைலரிடமிருந்தோ அதே பகுப்பாய்விலிருந்தோதான் வருகிறது. மொழி மாதிரிகளைப் பொறுத்தவரை, இல்லாத ஃபங்ஷன் பெயரை இருப்பதாகவே எழுதிவிடும் பழக்கம் அவற்றுக்கு உண்டு. கம்பைலர் பரிந்துரைக்கும் பெயர் பொருந்தாமல் போகலாம், இல்லாமல் போகாது. இயந்திரம் எழுதிய நிரலைச் சரிபார்க்கும் வேலை கூடும் காலத்தில் இந்த உத்தரவாதத்தின் மதிப்பும் கூடத்தான் செய்கிறது.

தமிழ்ப் பெயர்களில் இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. திருத்தத் தொலைவு எண்ணுவது யூனிகோட் குறிகளை. நம் கண் எண்ணுவது எழுத்துகளை. ‘கொ’ என்பதை ஒகரக் குறி ஒன்றாகவும் தட்டலாம், ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டு குறிகளாகவும் தட்டலாம். பைத்தான் இரண்டையும் ஒன்றாக்கிக்கொள்கிறது. ஆனால் ‘ஔ’ என்ற உயிரெழுத்துக்குப் பதிலாக ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டினால் திரையில் வேறுபாடே தெரியாது, கணினிக்கோ அவை வேறு வேறு. அங்கே ‘இந்தப் பெயரா?’ என்று கேட்டால் கண்ணுக்கு ஒரே பெயர் இரண்டு முறை அச்சானது போலிருக்கும். எந்தக் குறி வேறுபடுகிறது என்று சுட்டிக்காட்டும் ஒரு வரியும் அதோடு வர வேண்டும். லகர ளகர ழகர மயக்கத்துக்குக் குறைந்த தொலைவு தருவதும் கடினமான காரியமல்ல. பைத்தான் ஆங்கிலப் பெரிய, சிறிய எழுத்துகளுக்கு ஏற்கெனவே செய்யும் சலுகை அது. தமிழில் நிரல் எழுதும் கருவிகளில் உழைப்பவர்கள் இதைக் கையில் எடுக்க வேண்டும்.

கம்பைலர் எழுதுபவர்கள் உலகில் மிகச் சிலர். ஆனால் பயனரிடம் ஒரு பெயரை வாங்கிக்கொண்டு, அப்படி ஒன்று இல்லை என்று பதில் சொல்லும் நிரலை ஏறக்குறைய ஒவ்வொரு நிரலரும் எழுதுகிறார்: அமைப்புக் கோப்பின் விருப்பங்கள், கட்டளைகள், மாவட்டப் பெயர்கள், பாடப் பெயர்கள். அங்கெல்லாம் பட்டியல் மூடியது, கையிலேயே இருக்கிறது. பைத்தானின் ‘டிஃப்லிப்’ நூலகத்தில் நெருங்கிய பொருத்தங்களைத் தேடித் தரும் ஃபங்ஷன் ஆயத்தமாக உள்ளது. கேட்டால் மூன்று பெயர்கள் வரை தரும். அடுத்த முறை ‘இல்லை’ என்ற செய்தியை எழுதும்போது அதை ஒருமுறை அழைத்து, கிடைத்த பெயரைக் கேள்வியாகச் சேர்த்துவிடுங்கள்.